எங்க வீட்ல இருக்கு, உங்க வீட்ல இல்ல

என் பிள்ளைகள் யாரும் என்னிடம் விடுகதை போடமாட்டார்கள். போட்டால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு மூளை மட்டு, விடை தெரியாது, அதனால்தான் ஓடுகிறாள் என்று அவர்களுக்குள் ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும். ஒன்பது வயதில், இந்தப் பினாங்கிலேயே என்னை மடக்க ஆளில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த மண்டைக்கனம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் நடந்தது. அப்பா அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் டிரஸர். புண் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, டாக்டர் துரை பேசுகிற இங்கிலீஷை நோயாளிக்குத் தமிழில் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ் காலியாகிற வரைக்கும் என்று சொல்லிச் சுங்கை பினாங்கு ஆற்றோரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த 'வரைக்கும்' நாலு வருஷம் நீண்டது. கடல் ஏறும் நேரம் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் வந்து நிற்கும், ஆனால் அதில் வாய் கொப்பளிக்கக்கூட முடியாது. முப்பது வீட்டுக்கும் சேர்த்துத் தெருமுனையில் ஒரே ஒரு குழாய். விடியற்காலை திறப்பார்கள், எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

பெண்கள் இருட்டோடு வந்து மண்ணெண்ணெய் டின்னை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள். டின்னுக்குக் காவல் நாங்கள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆறேழு பெண் பிள்ளைகள், சாக்கடைக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, டின் நகர நகர நாங்களும் நகருவோம். சும்மா உட்கார்ந்திருந்தால் தூக்கம் வரும். அதனால்தான் விடுகதை ஆரம்பித்தது. விளையாட்டு என்று இருந்தால் பந்தயம் வேண்டாமா? எங்களிடம் இருந்தது டின் ஒன்றுதான். விடை தெரியாவிட்டால் உன் டின்னைத் தூக்கி, கேட்டவள் டின்னுக்குப் பின்னால் வை. இதுதான் சட்டம்.

"மூக்கைத் திருகினா அழுவான், விட்டா வாயை மூடுவான்" என்றால் குழாய். "நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள நிப்பான், ஒரு நாளும் குளிக்கமாட்டான்" என்றால் பாலத்துக் கால். "மாடும் மனுசன், சுமையும் மனுசன்" என்றால் ரிக்‌ஷா. இதையெல்லாம் கேட்டவள் வாயை மூடுவதற்கு முன் போட்டு உடைத்துவிடுவேன். எங்கள் டின் எப்போதும் முதல் மூன்றுக்குள் நிற்கும். அம்மாவுக்கு அப்போது தம்பி பிறந்து இரண்டு மாதம். துணி துவைக்கவே நாலு டின் வேண்டும். "என் ராசாத்தி, ஆம்பளப் புள்ள மாதிரி சமத்து" என்று அம்மா கன்னத்தைத் தடவுவாள். அந்தத் தடவலுக்காகவே நான் கண்ணில் படுவதை எல்லாம் விடுகதையாக்கி மனசுக்குள் உருட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு கட்டத்தில் ஊரில் உள்ள கதை எல்லாம் தீர்ந்துபோயிற்று. கேட்டதையே கேட்டால் என்ன சுவை? அப்போது மருதாயிதான் புதுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தாள். இனி அவரவர் வீட்டில் இருப்பதை வைத்துத்தான் கதை கட்ட வேண்டும், வெளிக்கதை செல்லாது. யாராலும் விடுவிக்க முடியாத கதையை மறுநாளும் கேட்கலாம், அதற்கு மறுநாளும் கேட்கலாம். அதுவரை அவள் டின்தான் முதலில். விடுவித்தவளுக்கு, அந்தக் கதை எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாள் முதலிடம்.

மருதாயிக்கு என் வயது. என்னைவிட ஒல்லி, என்னைவிட வாய் நீளம். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான், ஒரே எதிரியும் அவள்தான். அவளுடைய அப்பா கடலை விற்பவர். மலாய்க்காரர்கள் கச்சாங் பூத்தே என்பார்கள். வீட்டிலேயே மணல் சட்டியில் கடலையும் பட்டாணியும் வறுத்து, தட்டில் அறை அறையாகப் பிரித்து, தலையில் தூக்கிக்கொண்டு பயாஸ்கோப் கொட்டகைப் பக்கம் போவார். தெருவைத் தாண்டும் வரைக்கும் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துக் கடலையாவது கொடுக்காமல் போகமாட்டார். நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்போம், அவர் மனைவியை அத்தை என்போம்.

புதுச் சட்டம் வந்த வாரமே மருதாயி ஒரு கதை போட்டாள்.

"நெருப்புக்குள்ள போகும், வேகாது. ஆணி மேல நிக்கும், அழாது. எங்க வீட்ல இருக்கு, உங்க வீட்ல இல்ல. அது என்ன?"

படித்ததுமே உங்களுக்கு ஏதோ உறுத்தியிருக்கலாம். பெரியவர்களுக்கு உறுத்தும். எங்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இடுக்கி என்றோம். அடுப்புக்கல் என்றோம். "இடுக்கி உங்க வீட்ல இல்லியா? கல்லு உங்க வீட்ல இல்லியா?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைக் கிழித்தாள். மணல் என்றாள் ஒருத்தி. "மணலு ஆணி மேல எப்படிலா நிக்கும்?" என்று எல்லாரும் சேர்ந்து அவளைக் கேலி செய்தோம். அன்று அவள் டின் முதலில் போயிற்று. மறுநாளும் அவள்தான். அவள் வீட்டு டின் மூன்று, அத்தை கொண்டுவரும் தவலை ஒன்று, எல்லாம் நிரம்பி முடியக் கால்மணி ஆகும். பிறகு அவள் வேண்டுமென்றே மற்றவர்களை ஒவ்வொருவராக முன்னால் விட, என் டின் கடைசியில் கிடந்தது. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே குழாயைப் பூட்டிவிட்டார்கள்.

காலி டின்னோடு வீட்டுக்குப் போனேன். தம்பி துணியெல்லாம் மூலையில் நாறிக்கொண்டிருந்தது. அம்மா அகப்பைக் காம்பால் முழங்காலுக்குக் கீழே இரண்டு வைத்தாள். அடி வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகவே வலித்தது. ஆனால் அதைவிட, ராசாத்தி என்று சொன்ன வாய் அன்று என்னைத் தண்டம் என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. மருதாயியை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் எங்கள் அடுப்பு அணைந்துவிட்டது. அந்தக் காலத்தில் தீக்குச்சியை வீணாக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில் கங்கு வாங்கி வந்து மூட்டுவதுதான் வழக்கம். அம்மா ஒரு கொட்டாங்கச்சியைக் கையில் கொடுத்து, "கடலைக்காரர் வீட்ல அடுப்பு எரியும், ஓடு" என்றாள். ஓடினேன். மருதாயி ஆற்றோரம் விறகு பொறுக்கப் போயிருந்தாள். மாமா மட்டும் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"கங்கா? வா ஆத்தா" என்றார். இடுக்கியைத் தேடினார், காணவில்லை. காணாவிட்டால் என்ன என்பதுபோல் அடுப்புக்குள் கையை விட்டு, செக்கச்செவேல் என்று கனிந்த கங்கு ஒன்றை இரண்டு விரலால் எடுத்து என் கொட்டாங்கச்சியில் போட்டார். போதுமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதும் இன்னொன்று எடுத்துப் போட்டார். முடி பொசுங்கினால் ஒரு நாற்றம் வருமே, அது வந்தது. அவர் கையை உதறவில்லை, ஊதவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி மணலைக் கிளற ஆரம்பித்தார். நான் கங்கைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்! நாலு நாள் நின்ற கதை, நாலு நாள் முதலிடம்!

சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அப்பாவும் விடுகதைப் பிரியர்தான். அவர் தோற்றால் மீன் தலை எனக்கு, நான் தோற்றால் அவர் காலை அமுக்க வேண்டும். மருதாயியின் கதையை அவரிடம் போட்டேன். யோசித்தார். இடுக்கி என்றார், மணல் என்றார், கடைசியில் கையை விரித்தார். நான் எழுந்து நின்றுகொண்டு ராஜா சபையில் சொல்வதுபோல், "கடலைக்கார மாமா!" என்றேன். கங்கு எடுத்த கதையை முழுக்க நடித்தே காட்டினேன்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. மீன் தலையை என் பக்கம் தள்ளவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "விரல் மடங்கி இருக்குதா? காது தடிச்சிருக்குதா? புருவம் இருக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் வேலை முடிந்து வரும் நேரம் மாமா பயாஸ்கோப் பக்கம் போயிருப்பார், இருவரும் கிட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டது அபூர்வம். மாமாவுக்குப் புருவம் இல்லை என்பது அதுவரை எனக்கே தோன்றியதில்லை. முகம் எப்போதும் எண்ணெய் பூசினாற்போல் பளபள என்று இருக்கும், அவ்வளவுதான் தெரியும். அம்மா தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டு "சேசு மரியே" என்றாள். நான் எதற்கு என்று தெரியாமல் விழித்தேன்.

அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவி வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தானே போய் மாமாவைப் பார்ப்பதாகவும், அதுவரை இதைப் பற்றி நான் மூச்சுவிடக் கூடாது என்றும் சொன்னார். "வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்." என்னை ஒரு நாளும் 'டீ' போட்டுக்கூடக் கூப்பிடாத மனுஷர். எனக்குப் பயத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. நியாயமாக ஜெயித்தவளுக்கு மீன் தலையும் இல்லை, ஒரு சபாஷும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டின் கடைசியிலிருந்து இரண்டாவது. அரை டின் தண்ணீர் கிடைத்தது. சனிக்கிழமையும் அப்படியே போயிருக்கும். குழாயடியில் அன்று நாலைந்து பெண்கள் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் இருந்த பிள்ளை முந்தின நாள் கடலையை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தது. மருதாயி வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னால் நின்று கதையைப் பாடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னலா, வாய் ஒட்டிக்கிச்சா? டிரஸர் வீட்டுப் பொண்ணு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போறா, பெரிய சூரப்புலி! தோத்துட்டேன்னு ஒரு தடவை சொல்லிடு. விட்டுடறேன்."

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தெரியாமல் தோற்றால் பரவாயில்லை. தெரிந்துகொண்டு எப்படித் தோற்பது? அப்பாவும் மறந்துபோனார், தோலும் மறந்துபோயிற்று.

"உங்கப்பாதான்!" என்று கத்தினேன். "நெருப்புக்குள்ள கையை விட்டா உங்கப்பாவுக்குச் சுடாது. நானே பார்த்தேன்!"

மருதாயி ஒரு கணம் திகைத்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். "அடி கள்ளி! கண்டுபிடிச்சிட்டியேடி!" என்று என் முதுகில் ஒரு அறை வைத்தாள். தோற்றதில் அவளுக்கு வருத்தமே இல்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பெருமையெல்லாம் இனி வாய்விட்டுச் சொல்லலாம் என்ற சந்தோஷம்தான். எங்கப்பா மாதிரி இந்தப் பினாங்கில் யாருமில்லை என்றாள். போன மாசம் காலில் ஒரு ஆணி ஏறி, பயாஸ்கோப்பிலிருந்து வீடு வரைக்கும் அதோடு நடந்தே வந்தாராம். அத்தை ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். நேற்றுக்கூட ஒரு விரல் நகம் கருகிப்போயிற்றாம், மாமா சிரித்துக்கொண்டே இருந்தாராம். "வேற யாராச்சும் அப்படி இருப்பாங்களா, சொல்லுங்க பார்ப்போம்!" என்று அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

துணி அடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவள் அதன் வாய்க்குள் விரலைவிட்டுக் கடலையைத் தோண்டி எடுத்து எறிந்தாள். பிள்ளை வீரிட்டது. "பெருவியாதிடி, குஷ்டம்" என்றாள் இன்னொருத்தி, மெதுவாகத்தான். அடுத்த நிமிஷம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாரோ மருதாயியின் டின்னைக் காலால் எட்டி உதைத்தாள். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. மருதாயி சிரித்த முகம் மாறாமலே டின்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சட்டப்படி என் டின்னை முதலில் வைக்க வேண்டும் என்று நான் வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, "அவகிட்ட நிக்காதே" என்றார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. சொல்லாதவர் யார் என்று கேட்பதுதான் சுலபம். முதலில் ஆண்கள் நாலைந்து பேர் மருதாயி வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். நேற்று வரைக்கும் அவர் கையால் கடலை வாங்கித் தின்றவர்கள். ஒருவன் கடலைத் தட்டைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தான். கொட்டிய கடலையைப் பொறுக்கப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. பிறகு மூடுவண்டி ஒன்று வந்தது, மாத்தா என்கிற போலீஸ்காரர் இருவரும் கையுறை போட்ட ஒரு ஆளும் இறங்கினார்கள்.

மாமா வீட்டுக்குள் ஓடி ஒளியவில்லை. அடுப்பில் மணல் காய்ந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, அணைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அத்தை மண்ணில் விழுந்து புரண்டாள். அவளைத் தூக்க ஒரு கை நீளவில்லை, என் அம்மாவின் கையும்தான். மருதாயி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் சும்மா கதை சொன்னேன், எங்கப்பாவுக்குச் சுடும்! சுடும்! வேணும்னா பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதைக் கேட்டு ஒரு மாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பாவுக்கு எப்படியோ சேதி எட்டி, ஆஸ்பத்திரி உடுப்போடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். வண்டிக் கதவு சாத்தப்போகிற நேரம். கையுறைக்காரனிடம் ஏதோ சொல்லிக் கெஞ்சினார், அவன் தலையை ஆட்டினான். மாமா உள்ளேயிருந்து கும்பிட்டார்.

"டிரஸர் ஐயா, எனக்கு ஒண்ணும் வேணாம். புள்ளையை மட்டும் ஒரு தடவை நல்லாப் பார்த்துருங்க. அது எப்பவும் என் மடியிலயே கிடக்கும்."

வண்டி படகு ஜெட்டிப் பக்கம் போயிற்று. அங்கிருந்து பெருவியாதிக்காரர்களை அடைத்துவைக்கிற ஜெரெஜாக் தீவுக்குப் படகில் கொண்டுபோவார்கள், போனவர்கள் திரும்ப வருவது கிடையாது. வெயில் நன்றாக அடித்தால் கரையில் நின்றே அந்தத் தீவின் மரங்களைப் பார்க்கலாம். அப்பா என்னை அடிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றாமலே இருந்தார். பிறகு, "ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா கண்ணு?" என்றார். ஒரு நாளில் என்ன மாறியிருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவளான பிறகு அம்மா சொன்னாள். அப்பாவே மாமாவைச் சத்தமில்லாமல் டாக்டரிடம் கூட்டிப்போய், அத்தையையும் மருதாயியையும் தெருவுக்குத் தெரிவதற்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட நினைத்திருந்தாராம். மாமா தன் மகளிடம் சொல்லிக்கொண்டு போயிருப்பார். தட்டையாவது யாருக்காவது விற்றிருப்பார்கள்.

அதற்குப் பிறகு குழாயடிக்கு அத்தை வர முடியவில்லை. வந்தால் கல் விழுந்தது. எல்லாரும் எடுத்து முடித்துக் குழாய் பூட்டுவதற்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அப்பா எங்கள் டின்னில் பிடித்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருவார். அதற்கும் தெருவில் முணுமுணுத்தார்கள். அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அத்தையின் அண்ணன் இருந்தார். அங்கே போய்விடலாம் என்றால், ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சொல்லியனுப்பினார். தாய்க்கும் பிள்ளைக்கும் நோய் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அப்பா பார்த்துச் சொன்னால் டாக்டர் துரை போடுவார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அப்பா இருவரையும் எங்கள் வீட்டுக்கே வரச்சொன்னார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அத்தையைப் பார்த்து முடித்தார், ஒன்றும் இல்லை. மருதாயி உள்ளே வந்ததும் ஊசியைப் பார்த்து நடுங்க ஆரம்பித்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "பயப்படாதே, இவ உன் கையைப் பிடிச்சுக்குவா" என்று அப்பா என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். அவளுடைய வலது கை என் கைக்குள் இருந்தது, ஜில்லென்று. அப்பா ஒரு துண்டால் அவள் கண்ணைக் கட்டினார்.

"இப்ப நான் அங்கங்க தொடுவேன். பட்டதும் 'ம்' சொல்லணும். அவ்வளவுதான்."

எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அப்பா என்னோடு விளையாடவே இல்லை. இவளோடு மட்டும் புது விளையாட்டா! ஆனால் அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் பொறாமை எல்லாம் கரைந்துபோயிற்று. தோள், ம். கழுத்து, ம். கன்னம், ம். பஞ்சு பட்டாலும் 'ம்', ஊசி முனை பட்டாலும் 'ம்'. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டே வந்தார். இடது முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, வெளிப்பக்கத்தில், காசளவுக்கு நிறம் வெளுத்த ஓர் இடம் இருந்தது. அங்கே ஊசியை வைத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் அழுத்தினார். வெயிலில் அவர் நெற்றி வேர்வை மின்னியது. அவள் அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்பா ஊசியை எடுத்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டார். இன்னொரு தடவை அதே இடத்தில் வைத்தார். நான் அவள் விரல்களை அழுத்தினேன்.

"ம்" என்றாள்.

பஞ்சை வைத்தார். அழுத்தினேன். "ம்." ஊசியின் மறுமுனையை வைத்தார். அழுத்தினேன். "ம்." அவள் கை நடுங்குவது நின்றுவிட்டது. இப்போது அவளும் என் விரலைப் பற்றிக்கொண்டாள். அப்பாவின் முகம் தளர்ந்தது. "முதல்ல கவனம் சிதறியிருக்கு, பாவம், சின்னப் புள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டை அவிழ்த்தார். அவருக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. மருதாயி கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், சிரித்தாள். நாங்கள் மறுபடியும் சிநேகிதிகளாகிவிட்டோம்.

சீட்டு வந்தது. அடுத்த வாரம் அவர்கள் அக்கரைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

எட்டு வருஷம் கழித்து ஒரு நாள் அப்பா வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். மருதாயியை அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்களாம். இடது கையில் மூன்று விரல் இல்லையாம். ஆரம்பத்திலேயே மருந்தெண்ணெய் ஊசி போட்டிருந்தால் விரலாவது மிஞ்சியிருக்கும் என்றார். அவளுடைய இரண்டு மாமன் பிள்ளைகளுக்கும் இப்போது நோய் இருக்கிறதாம். "நான் சரியாத்தான் பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன். எப்படித் தப்பு விட்டேன்?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கேள்வியைச் சாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று நான் காப்பி ஆற்றிக்கொடுத்தேன்.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த சங்கதி. அவர்கள் கப்பல் ஏறிய அந்த வாரம் சனிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கூட்டிப்போனாள். முழங்காலில் நின்று, அப்பா சொல்லைத் தட்டிக் குழாயடியில் வாயைத் திறந்ததைச் சாமியாரிடம் அழுதுகொண்டே சொன்னேன். வேறு ஏதாவது உண்டா மகளே என்று கேட்டார். நன்றாக யோசித்துப் பார்த்து, இல்லை சாமி என்றேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். பீடத்துக்கு முன்னால் நின்று மூன்றையும் சொல்லி முடித்துவிட்டு, என்மேல் இனி ஒரு பாவமும் இல்லை என்று துள்ளிக் குதித்துக்கொண்டு படி இறங்கி வந்தேன்.